இது எதையும் மாற்றாது

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு பதினொன்றே காலுக்கு, கெட்டுப்போயிருந்த கடைசி இடமும் சரியாகிவிட்டது. உடனே எழுத உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை. காலையில் எழுந்து முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு நூல்களில் மட்டும் 'கருப்ப' என்பதை 'கறுப்ப' என்று மாற்ற நான் எழுதிய ஒரு கட்டளை, நாம் தட்டச்சு செய்து சேர்த்த மொத்த நூல் தொகுப்பின் மேலும் எப்படி ஓடியது என்பதை மறுபடி சொல்லப் போவதில்லை. தவறு என்னுடையது, அதை அன்றே சொல்லிவிட்டேன். இந்த மடல் நன்றி சொல்வதற்கு மட்டும்.

அந்தச் சனிக்கிழமை இரவு முழுக்க நானே சரிசெய்யப் பார்த்து மேலும் கெடுத்துக்கொண்டிருந்தேன். தேடி மாற்றும் வேலையில் தவறு ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. பதறிப்போய் எழுதும் அடுத்த கட்டளையும் அதே ஒரு நொடியில் அடுத்த தவறைச் செய்துவிடுகிறது. மூன்றாவது முறைக்குப் பிறகு என்டரைத் தட்டவே கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பலர் ஆயத்தமான கட்டளைகளை அனுப்பியிருந்தீர்கள். எல்லாமே நல்ல மனசோடு அனுப்பியவை, சில மிக நல்லவையும்கூட. ஆனால் ஒவ்வொன்றும் கோப்புகளில் எழுதப் போகிற கட்டளை. படித்துப் படித்து மூடிவைத்தேன்.

எட்டு மணிவாக்கில் நம் குழுவில் அதிகம் பேசாத ஒரு தங்கையிடமிருந்து ஒரு சிறிய கோப்பு வந்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. எங்களுக்குள் அதற்கு முன் நான்கு வரிகூடப் பேச்சு இருந்ததில்லை. நான் தட்டச்சு செய்த பக்கம் ஒன்றில் விடுபட்ட ஒற்றெழுத்தை ஒருமுறை சுட்டிக்காட்டியிருந்தார், அவ்வளவுதான் பழக்கம். வந்தது, பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய முப்பத்து நான்கு வரி நிரல். அதன் முதல் வரியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்:

# அண்ணா, இது எதையும் மாற்றாது. பயப்படாமல் ஓட்டுங்கள்.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன தவறு செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், பேக்கப் எங்கே என்று எதுவும் கேட்கவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்காமலே, நானே அறியாமலே, அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஓட்டுவதற்கு முன் அந்த நிரலை வரி வரியாகப் படித்தேன். கோப்பைத் திறக்கும் இடம் ஒன்றே ஒன்று, அதுவும் படிப்பதற்கு மட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பைத்தானில் ஒரு கோப்பை எழுதும் நோக்கத்தோடு திறந்தாலே போதும், ஒரு எழுத்துகூட எழுதும் முன்பே உள்ளே இருந்தது காலியாகிவிடும். அதற்கு வழியே வைக்காமல் எழுதியிருந்தார். நிரல் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு கோப்பிலும் 'கறுப்ப' என்று தொடங்கும் இடத்தைத் தேடி, கோப்பின் பெயர், வரி எண், அந்தச் சொல், அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் வாசகம், இவற்றைத் திரையில் காட்டுவது. கடைசியில் மொத்த எண்ணிக்கை.

என்டரைத் தட்டினேன். 2,316 இடங்கள்.

பெரிய எண்தான். ஆனாலும் இரவெல்லாம் என்ன கெட்டது, எவ்வளவு கெட்டது என்று தெரியாமல் தவித்தவனுக்கு, கணக்கு தெரிந்ததே பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பட்டியலை மேலிருந்து படிக்கத் தொடங்கினேன். அடுத்தடுத்து இரண்டு வரிகள் இப்படி இருந்தன:

துணியில் கறுப்பை ஏற்ற மூன்று முறை
கறுப்பை வாய் விரிவடையும் நேரம்

முதல் வரியில் அது கறுப்பு என்ற நிறத்தோடு 'ஐ' சேர்ந்த சொல், சரியானது. இரண்டாவது, கருப்பையாக இருந்து நான் கெடுத்தது. எழுத்துக்கு எழுத்து இரண்டும் ஒன்றே. அந்தச் சொல்லை மட்டும் பார்க்கும் எந்த நிரலாலும் பிரித்துச் சொல்ல முடியாது, பக்கத்துச் சொற்களைப் படிக்கும் ஒரு மனிதக் கண்தான் வேண்டும். அந்தத் தங்கை முன்னும் பின்னும் வாசகத்தைக் காட்டச் செய்தது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

'எல்லாவற்றையும் திருப்பி மாற்றிவிட்டால் போதாதா' என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். சில ஆசிரியர்கள் கருப்பு என்று எழுதியிருந்தார்கள், சிலர் கறுப்பு என்று. என் கட்டளை இருவரையும் ஒன்றாக்கிவிட்டது. திருப்பி மாற்றினால் இரண்டாமவரும் முதலாமவராகிவிடுவார். யார் எப்படி எழுதினார் என்ற தகவல் கோப்பில் இனி எங்குமே இல்லை. கோப்பின் அளவைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ர 2992, ற 2993, அடுத்தடுத்த வீடுகள். அந்த எண்களைக் கோப்பில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் இரண்டுக்கும் மும்மூன்று பைட்டுகள். ஒரு பைட்டுகூடக் கூடாமல் குறையாமல் நூற்றுக்கணக்கான பக்கங்கள் மாறியிருந்தன.

அப்புறம் அந்தக் கருப்பொருள். 'கறுப்பொருள்' என்று தமிழில் ஒரு சொல் கிடையாது, அதனால் அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மாற்றினோம். தங்கையின் நிரலை மறுபடி ஓட்டிப் பார்த்தால் ஒரு நூலில் மட்டும் பதினேழு கறுப்பொருள்கள் அப்படியே நிற்கின்றன. திரையில் பார்க்கிறேன், அதே சொல். தேடினால் பூஜ்யம். எனக்குத் தலை சுற்றியது. அவரிடம் சொன்னேன். 'ஒவ்வொரு எழுத்தோட எண்ணையும் அச்சிட்டுப் பாருங்க அண்ணா' என்று மட்டும் பதில் வந்தது. அச்சிட்டேன். மற்ற நூல்களில் 'பொ'வில் ப-வுக்குப் பிறகு 3018 என்று ஒரே எண். இந்த நூலில் 3014, 3006 என்று இரண்டு. அதாவது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான், யூனிகோடும் இரண்டையும் சமமானவை என்றே வரையறுத்திருக்கிறது. ஆனால் நிரல் எண்ணைத்தான் ஒப்பிடும், வடிவத்தை அல்ல. முதலில் நான் தேடிய 'கருப்ப' அந்தக் கொம்புக்கு முன்பே முடிந்துவிடுவதால், கெடுக்கும்போது இரண்டு வகையையும் சமமாகவே கெடுத்திருக்கிறது. மீட்கப் போகும்போதுதான் ஒன்று கண்ணில் படாமல் போயிற்று.

பைத்தானிலேயே எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் என்ற வசதி இருக்கிறது. அந்த ஒரு நூலுக்கு மட்டும், அதைத் தட்டச்சு செய்தவரிடம் கேட்டுவிட்டுத்தான், அதைப் பயன்படுத்தினோம். கேட்க வேண்டும் என்று சொன்னதும் தங்கைதான்.

சனிக்கிழமை இரவு நான் முட்டிமோதிய இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன், தமிழ்க் கோப்புகளில் வேலை செய்கிற யாருக்காவது உதவும். முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் மாற்று என்பதற்கு, தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் எழுதும் ரெஜெக்ஸில் சொல் எல்லைக் குறி ஒன்று உண்டு. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தமிழின் துணைக்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. அதனால் கறுப்பு என்று தனியே நிற்கும் சொல்லை விட்டுவிட்டு, கறுப்புநிற என்று ஒட்டி நிற்பதைப் பிடிக்கிறது. நான் நினைத்ததற்கு நேர்த் தலைகீழ். தங்கை அதை விட்டுவிட்டு, முன்னாலும் பின்னாலும் 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்ப் பகுதியின் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது என்று எழுதித் தந்தார். அன்று முதல் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

இனி மற்றவர்களுக்கு. தொகுப்பின் மார்ச் மாதப் பிரதியைப் பென் டிரைவில் வைத்திருந்த நண்பரே, அது மட்டும் இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு மெய்ப்புப் பார்த்த திருத்தங்கள் போய்விடும் என்பதால் பழைய கோப்பை அப்படியே வைக்க முடியவில்லை, ஆனால் பக்கத்துச் சொற்களை வைத்து ஒப்பிட்டதில் 1,490 இடங்களுக்கு விடை கிடைத்தது. மீதி 826 இடங்களையும் பங்கு போட்டுக்கொண்டு, ஸ்கேன் பக்கங்களைத் திறந்து, பட்டியலின் கடைசி நெடுவரிசையில் 'ரு' அல்லது 'று' என்று பொறுமையாக நிரப்பிய பதினொரு பேருக்கும் நன்றி. கருப்பஞ்சாறு வந்த பாட்டு வரிகளை நினைவிலிருந்தே சொன்ன ஐயாவுக்கும், வரி முடிவுக் குறிகள் மாறிவிடாதபடி நிரலில் ஒரு சிறு திருத்தம் சொன்னவருக்கும், ஒன்றுமே கேட்காமல் 'தூங்கினீங்களா' என்று மட்டும் கேட்ட அக்காவுக்கும்.

அந்த ஒரு வரிக் குறிப்பைப் பற்றி இந்த ஒன்பது நாளும் யோசித்துக்கொண்டே இருந்தேன். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய கிரெப் என்ற தேடல் நிரல் செய்யும் வேலையும் இதேதான். தேடும், கிடைத்த வரியைக் காட்டும், அதோடு நின்றுவிடும். நான் கணினி கற்ற நாளிலிருந்து அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் தேடுவதை எப்போதும் மாற்றுவதற்கு முந்தைய அரைநொடியாகவே நினைத்துவந்தேன். அன்று நான் கட்டளை எழுதிய பெர்ல் என்ற நிரல்மொழியில், கோப்பை அதன் இடத்திலேயே மாற்றச் சொல்லும் அந்த 'ஐ' என்ற ஓரெழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஒரு சிறு பின்னொட்டும் சேர்த்திருந்தால், பழைய கோப்பு ஒவ்வொன்றும் பக்கத்திலேயே பத்திரமாக இருந்திருக்கும். நான்கு விசைகள். அவசரத்தில் அதைக்கூட விட்டிருக்கிறேன்.

இனி என் கையால் எழுதும் எந்த மாற்று நிரலும் முதலில் பட்டியலைத்தான் தரும். அந்தப் பட்டியலை என்னைத் தவிர இன்னொருவர் படித்த பிறகே மாற்றம் நடக்கும். மாற்றியதும் புதிய கோப்பில் எழுதப்படும், எண்ணிக்கை பட்டியலோடு ஒத்துப்போனால்தான் பழையதன் இடத்துக்கு வரும். நம் தொகுப்பில் நான் இருக்கும்வரை இதில் மாற்றமில்லை. உங்களுக்கெல்லாம் சாட்சியாக எழுதி வைக்கிறேன்.

தங்கைக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. நேற்று எல்லாம் முடிந்தபின், 'மாற்றும் பகுதியையும் இந்த நிரலிலேயே சேர்த்துத் தரட்டுமா அண்ணா, தனித்தனியாக ஓட்ட வேண்டியிருக்காதே' என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்மா. மாற்றுவதைத் தனி நிரலாகவே வைத்துக்கொள்வோம். இது முதல் வரியோடு அப்படியே இருக்கட்டும்.