வாசலில் நின்றவர்களுக்கும் மூன்றாம் மாதமும் விலகாதவர்களுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். சிறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் ஊரோடும் வீட்டோடும் மறுபடி ஒட்டி வாழத் துணை நிற்கும் வேலையில் கைகொடுத்த உங்கள் எல்லோருக்கும் எழுதும் மடல் இது. ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் செய்தவற்றில் பாதி, வெளியே யார் கண்ணிலும் படாத வேலை. அதைப் பெயர் சொல்லாமல் செயல் சொல்லி நன்றி கூற நினைக்கிறோம். நாளை இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி காகிதங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு. விடுதலைத் தேதிக்கு 90 நாள் இருக்கும்போதே நீங்கள் வேலையைத் தொடங்கினீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஆரம்பித்தது சரியான முடிவு. மற்ற அட்டைகளும் கணக்குகளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. இதில் பலரும் இடறுகிற இடம் பெயர். சிறைப் பதிவேட்டில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும், பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து வேறாக இருக்கும். வெளியே வந்தபிறகு கண்டுபிடித்தால் அதைத் திருத்தவே வாரக்கணக்கில் ஓடும். அதுவரை வங்கிக் கணக்கும் வராது, சம்பளமும் கைக்கு வராது. எல்லாச் சான்றுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டவர்களே, அந்தப் பொறுமைக்கு நன்றி. விடுதலைச் சான்றை 5 நகல் எடுத்து, மூலத்தைத் தண்ணீர் புகாத உறையில் தனியாக வைத்தீர்கள். ஒவ்வொரு கவுன்டரிலும் ஒரு நகல் போய்விடும் என்பது அலைந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

முகவரி இல்லாமல் அடையாள அட்டை கிடைக்காது, அடையாள அட்டை இல்லாமல் வாடகைக்கு வீடு கிடைக்காது. இந்த முடிச்சை அவிழ்த்தது, தங்குமிடம் நடத்துகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம். கடிதத்தில் தேதி, கையொப்பம், திரும்ப அழைத்துச் சரிபார்க்க ஓர் எண் ஆகிய மூன்றும் இருந்ததால்தான் அது செல்லுபடியானது. எண் இல்லாத கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன.

இதெல்லாம் நாமாகக் கண்டுபிடித்த புதுமை அல்ல. 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்தும் முறைக்கான நெல்சன் மண்டேலா விதிகளில் 107ஆம் விதி, தண்டனை தொடங்கும் காலத்திலிருந்தே விடுதலைக்குப் பிந்தைய வாழ்வைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. அடையாள ஆவணம், தங்க இடம், வேலை, பருவத்துக்கு ஏற்ற உடை, போய்ச் சேரவும் தொடக்க நாட்களைத் தள்ளவும் போதுமான வசதி என்று 108ஆம் விதி ஒவ்வொன்றாகச் சொல்கிறது. எழுதி வைத்த விதி நடைமுறைக்கு வர, யாரோ ஒருவர் வரிசையில் நின்றாக வேண்டும். நின்றது நீங்கள்.

அடுத்து, வாசலில் காத்திருந்தவர்களுக்கு. விடுவிக்கும் நேரம் சொன்னபடி இருப்பதில்லை. காலையில் என்பார்கள், அந்தி சாய்ந்துவிடும். வண்டியை விட்டு நகராமல் காத்திருந்தீர்கள். உங்கள் எண்ணைத் தாளில் எழுதி முன்பே உள்ளே அனுப்பியிருந்தீர்கள். யாருடைய செல்பேசியிலோ பதிந்து வைத்த எண், சட்டைப்பையில் தாள் மட்டும் இருப்பவருக்கு எந்த விதத்திலும் உதவாது. உடையளவை முதலிலேயே கேட்டு வாங்கியதும் நல்ல காரியம். உள்ளே போனபோது இருந்த உடம்பு வெளியே வரும்போது இருப்பதில்லை. பையில் நீங்கள் வைத்தவை சாதாரணப் பொருள்கள்தான்: இரண்டு மாற்றுடை, செருப்பு, மூக்குக்கண்ணாடி, சார்ஜ் ஏற்றிய செல்பேசி, சில்லறை, முதல் வாரத்தில் எங்கே எப்போது போகவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாள். கூட்டம் சேர்த்து வரவேற்பு நடத்தாமல் இருந்ததற்குத் தனியாக நன்றி. பல வருடம் அடுத்தவர் சொன்ன நேரத்துக்கு எழுந்து, சொன்ன நேரத்துக்குப் படுத்தவருக்கு, பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பது தாங்கமுடியாத பாரம். ‘என்ன வேண்டும்?’ என்று கேட்காமல் ‘இதுவா, அதுவா?’ என்று இரண்டில் ஒன்றைக் கேட்டீர்களே, அந்த நுட்பம் எளிதில் வருவதில்லை.

இனி, முதல் 14 நாட்களைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும். உங்களைப் பற்றித்தான் இந்த மடலில் அதிகம் எழுதவேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையான 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் இரண்டு வாரங்களில் அவர்களுடைய இறப்பு அபாயம், அந்த மாநிலத்தின் மற்ற மக்களுக்கு இருப்பதைப்போல் 12.7 மடங்கு என்று அது கண்டது. அந்த இறப்புகளுக்கு முதன்மையான காரணம் போதைப்பொருளின் அளவு மீறியது. காரணம் புரியாத புதிர் அல்ல. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு பழைய பழக்கத்தை மறந்துவிடுகிறது, மனம் மறப்பதில்லை. முன்பு தாங்கிய அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும்.

இதை வீட்டாரிடம் பழிச்சொல் இல்லாமல் பேசியது பெரிய உதவி. ‘எங்கள் பிள்ளை இனி தொடமாட்டான்’ என்று சொல்லும் தாயிடம், ‘சரி அம்மா, தொடாமலே இருக்கட்டும். ஆனால் இது வீட்டில் இருக்கட்டும்’ என்று சொல்லி ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருளின் வேலையை முறிக்கும் நலாக்சோன் மருந்தின் மூக்குத் தெளிப்பானைக் கையில் கொடுத்தீர்கள். பயன்படுத்தும் முறையையும் பழக்கினீர்கள். கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லை, மூச்சு மந்தம், உதடு நீலம் பாரித்திருக்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸுக்கு அழைப்பு. ஒரு மூக்குத் துளையில் ஒரு தெளிப்பு. மூச்சில்லை என்றால் செயற்கை சுவாசம். 2, 3 நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் மறு துளையில் இரண்டாவது தெளிப்பு. மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று தனியே விட்டுப் போவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் ஓய்ந்துவிடும். உடம்பில் மிச்சமிருக்கும் ஓபியாய்டு மறுபடி மூச்சை அடக்கலாம். இதை ஒவ்வொரு வீட்டிலும் சலிக்காமல் சொன்னீர்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மனநல மருந்துகள் எடுப்பவர்களுக்கு மாத்திரை நின்றுபோகாமல் பார்த்ததும் இதே அளவுக்கு முக்கியம். உள்ளே கொடுத்த மாத்திரை தீரும் நாளுக்கும் வெளியே மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கும் நடுவே இடைவெளி விழாதபடி, விடுதலைக்கு முன்பே சந்திப்பு வாங்கி வைத்தீர்கள்.

கண்காணிப்பு நிபந்தனையோடு வெளியே வந்தவர்களுக்கு நாள்காட்டி போட்டுக் கொடுத்தவர்களுக்கு நன்றி. அதிகாரி முன் கையெழுத்து, சிகிச்சைக் கூட்டம், வேலைக்கான நேர்காணல் மூன்றும் ஒரே காலையில் வந்து விழும். எதைத் தவறவிட்டாலும் சங்கடம், முதலாவதைத் தவறவிட்டால் புதுக் குற்றம் எதுவும் இல்லாமலே திரும்ப உள்ளே போக நேரிடலாம். ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று பிரித்து, பயண நேரத்தை இரட்டிப்பாகக் கணக்கிட்டு, மோதல் வந்த நாட்களில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலையும் பத்திரப்படுத்தினீர்கள். வாய்மொழி அனுமதியை நம்பக்கூடாது. சொன்னவருக்கு மாற்றல் வந்துவிட்டால் சாட்சி யாரும் இல்லை.

வீடு கொடுத்தவர்களே, வாடகைத் தேதி, விருந்தினர் வரலாமா, பிரச்சினை என்றால் முதலில் யாரை அழைப்பது என்பதை எல்லாம் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டதால் பிற்பாடு மனத்தாங்கல் வரவில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட முடிகிற கதவு என்று கேட்டுச் சரிசெய்து கொடுத்தீர்கள். தன் கையால் சாத்திக்கொள்ளும் கதவின் அருமை வேறு.

வேலை கொடுத்தவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடத்தி 2003இல் வெளியான கள ஆய்வில், ஒத்த தகுதியுடைய இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையரில் குற்றப் பதிவு இல்லை என்றவர்களை 34 விழுக்காடு இடங்களில் திரும்ப அழைத்தார்கள், உண்டு என்றவர்களை 17 விழுக்காட்டில். கறுப்பினத்தவருக்கு அது 14, 5 என்று இன்னும் கீழே போனது. விண்ணப்பத்தின் ஒற்றைக் கேள்வியில் அடைபடும் கதவு அது. அந்தக் கேள்வியை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, ஆளைப் பார்த்துப் பேசிய பிறகு கேட்டதற்கு நன்றி. கையெழுத்துப் போடப் போகும் நாளில் இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுத்ததற்கும், முதல் சம்பளம் வரும்வரை சிறு முன்பணம் தந்ததற்கும், விஷயத்தைப் பணியிடத்தில் யாரிடமும் சொல்லாமல் காத்ததற்கும் நன்றி. நேர்காணலுக்குப் பயிற்சி தந்தவர்களே, ‘நடந்தது ஒரு வாக்கியம், அதன்பின் கற்றது ஒரு வாக்கியம், இப்போது செய்ய முடிவது மூன்று வாக்கியம்’ என்ற உங்கள் கணக்கு வேலை செய்கிறது. பதில் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அது வாக்குமூலமாகிவிடுகிறது.

செல்பேசி கற்றுக்கொடுத்த இளைஞர்களுக்கு: ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதை முதல் பாடமாக வைத்தது சரி. ரீசார்ஜ் விட்டுப்போய் எண் பறிபோனால் வங்கி, வேலை, அதிகாரி எல்லாத் தொடர்பும் ஒரே நாளில் அறுந்துவிடும். தேதியை நினைவூட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

குடும்பத்தாருக்கு நன்றி சொல்லும்போது கை தயங்குகிறது. இத்தனை வருடம் வீட்டைத் தனியாகத் தாங்கியவர்கள் நீங்கள். வந்தவர் பழைய இடத்தில் உடனே உட்காரமுடியாது, உட்கார வைக்கவும் தேவையில்லை. பிள்ளைகளிடம் ‘வெளியூரில் வேலை’ என்று மறைக்காமல் வயதுக்கேற்ற உண்மையைச் சொன்னீர்கள். முதல் சந்திப்பை ஒரு மணி நேரத்தோடு நிறுத்தி, அடுத்ததற்கு நாள் குறித்தீர்கள். உங்கள் கோபத்துக்கும் இடம் உண்டு, அதை யாரும் அவசரப்படுத்தக்கூடாது.

தாமும் உள்ளே இருந்து வந்து, இப்போது மற்றவர்களுக்கு வழிகாட்டும் தோழர்களே, நாங்கள் பத்து முறை சொல்லி ஏறாதது நீங்கள் ஒருமுறை சொன்னால் ஏறுகிறது. உங்களுக்கு நன்றி மட்டும் போதாது, உழைப்புக்கு ஊதியமும் வேண்டும். அதை இன்னும் முழுதாகச் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

மூன்றாம் மாதத்தில் வரவேற்பின் சூடு ஆறிவிடும். பழைய அபராதமும் நிலுவையில் நின்ற ஜீவனாம்சமும் கடிதங்களாக வந்து சேரும் நேரம் அது. தனிமை கடிக்கும். அப்போதும் அதே கிழமை, அதே நேரம் அழைத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 1994இல் கனடாவின் ஹாமில்டனில் தொடங்கிய துணை வட்டங்களில், சிறையிலிருந்து வந்த ஒருவரைச் சுற்றிச் சில தன்னார்வலர்கள் சேர்ந்து நிற்பார்கள். பாரம் ஒரே தோளில் விழாது. நீங்களும் முறை வைத்து அழைத்ததால்தான் ஒருவர் ஊருக்குப் போன வாரத்திலும் அழைப்பு நிற்கவில்லை.

ஒரு வேண்டுகோள். வாசலில் காத்திருக்கும் குழுவின் அந்தச் செல்பேசி எண்ணை மாற்றிவிடாதீர்கள். தாளில் எழுதி வாங்கியவர்கள் இன்னும் பலர் உள்ளே இருக்கிறார்கள். தாள் கிழிந்துவிடும் என்று சிலர் அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
திரும்பி வருவோருக்குத் துணை நிற்கும் குழுவினர்