கொசுவலையும் எலக்ட்ரானும்

அன்புள்ள செல்வம்,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

எம்.எஸ்சி. கடைசி வருடம் நம் பேராசிரியர் பின்ன குவாண்டம் ஹால் விளைவைச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளக்கும் ஹால் மின்தடை, பின்னக் கணக்கில் படிப்படியாக நிற்குமே, அதுதான். 1982-ல் சூயி, ஸ்டார்மர், கோசார்ட் என்ற இயற்பியலாளர்கள் கண்டது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கும் துகள்! அன்று இரவு முழுக்க விடுதி மொட்டைமாடியில் அதையே பேசினோம். ஆனால் அதற்குப் பயங்கர வலுவான காந்தப்புலம் வேண்டும்.

இப்போது காந்தமே வேண்டாம் என்று ஆகிவிட்டதடா. 2023-ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷியாவோடாங் சூ குழுவினர் மாலிப்டினம் டைடெல்லூரைடின் இரண்டு மெல்லிய படலங்களைச் சுமார் 3.7 டிகிரி திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பார்த்தால் வலைக்கண்ணைவிடப் பெரிய அலையலையான கோலம் தெரியுமே, அதேதான். அங்கே அந்தக் கோலத்தின் ஒரு கட்டம் 5 நானோமீட்டர் அளவு. அதற்குள் எலக்ட்ரான்களின் ஓட்டம் மந்தமாகிவிடும். ஒன்றையொன்று விலக்கும் விசைதான் ஆட்சி செய்யும். அதோடு எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் பட்டைகளுக்கே இயல்பாக ஒரு முறுக்கு உண்டு. இடவியல் என்கிறோமே, அதுதான். வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய காந்தப்புலத்தின் வேலையை அது உள்ளேயே செய்துவிடுகிறது. வெளிக் காந்தப்புலம் இல்லாமலே ஹால் விளைவு வரலாம் என்று 1988-ல் இயற்பியலாளர் ஹால்டேன் தாளில் எழுதிக் காட்டிய யோசனைக்கு நெருங்கிய சொந்தம்.

கட்டத்துக்கு மூன்றில் இரண்டு துளை (எலக்ட்ரான் இல்லாத காலி இடம்) என்ற கணக்கில் நிரப்பியபோது ஹால் மின்தடை, அதன் அடிப்படை அளவான 25,813 ஓமின் ஒன்றரை மடங்கில் வந்து நின்றது. மூன்றில் இரண்டைத் தலைகீழாக்கினால் வரும் அந்த ஒன்றரையைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எலக்ட்ரானை யாரும் வெட்டவில்லை. எல்லாம் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் அந்தப் பின்னம் பிறக்கிறது. மறு வருடமே எம்.ஐ.டி.யில் ஓரணுத் தடிமன் கார்பன் படலமான கிராஃபீனை ஐந்தடுக்காக வைத்து அதிலும் இதைக் கண்டார்கள்.

குவாண்டம் கணினிக்கு உதவும் என்கிறார்கள். இந்த மூன்றில் ஒரு பங்குத் துகள் மட்டும் அதற்குப் போதாது. இன்னும் விசித்திரமான, ஒன்றோடொன்று எந்த வரிசையில் இடம் மாறின என்பதையே நினைவில் வைக்கும் துகள்கள் வேண்டும். எனக்கு அந்தப் பயனைவிட, வெறும் திருப்பத்தில் இவ்வளவு ஒளிந்திருந்ததே பெரிதாகத் தோன்றுகிறது.

சரி, தையில் வரும்போது உன் பழைய நோட்டைக் கொண்டு வா. ஹால்டேன் கணக்கை இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
ராஜு