தேய்க்காத சிப்பி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாச்சு. கண் ஆபரேஷன் முடிந்து கண்ணாடி மாற்றும்வரை எழுத முடியவில்லை. இப்போது மறுபடி நகைப் பட்டறையில் பொடி வைத்து ஊதுகிறேன், இரண்டு அர்த்தத்திலும்.

போன வாரம் வண்ணாமடைப் பையன் ஒருவன் வந்தான். ஆஸ்திரேலியாவில் வேலையாம். கைக்குட்டையை அவிழ்த்து ஒரு சிப்பியை வைத்தான். அசைத்தால் பச்சை, நீலம், ஓரத்தில் தணல் போல் ஒரு சிவப்பு. லைட்னிங் ரிட்ஜ் என்ற ஊரில் வாங்கியதாம். "இதை மழமழன்னு தேய்ச்சு மோதிரத்துல வெச்சுக் குடுங்க" என்றான்.

அது ஓபல் என்கிற ரத்தினக் கல், சுப்பு. மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த அச்சில் பொன் ஊற்றுவோமே, நம் மெழுகு வார்ப்பு, அது மாதிரியே இருக்கிறது கதை. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தி ஒரு சிப்பி களிமண்ணில் புதைகிறது. சுற்றிலும் மண் இறுகியபின் ஓடு கரைந்துபோய், அதன் அச்சு மட்டும் வெறுமையாக நிற்கிறது. அங்கே பொன் ஊற்ற யார் இருக்கிறார்கள்? பாறையிலிருந்து சிலிக்காவை, அதான் மணலில் இருக்கிற பொருளை, கரைத்துக்கொண்டு கசியும் நிலத்தடி நீர்தான் நிரப்புகிறது. கூழாகத் தங்கி, மெல்ல மெல்லக் கல்லாகிறது. இதில் வெளி உருவம்தான் மிஞ்சும். எலும்போ மரமோ மட்கித் தீருமுன் சிலிக்கா ஊறிவிட்டால் உள்நார்கூடப் பதிந்துவிடும்.

உன் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது திருவக்கரையில் பார்த்தோமே கல்மரங்கள், அதுவும் சிலிக்காதான். ஆனால் இந்த ஜாலம் இல்லை. ஓபலில் சிலிக்கா கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகளாக, ஒரே அளவில், லட்டு அடுக்கினது போல் அடுக்கியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் 3,000-க்கு மேல் நிற்கும். வெளிச்சம் அந்த இடுக்குகளில் பிரிந்து நிறம் காட்டுகிறது. உருண்டை பெரிதானால் சிவப்பு, சிறிதானால் நீலம்.

தேய்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதே ஊர்ச் சுரங்கத்தில் கிடைத்த, மூன்று பல்லோடு கூடிய ஓபல் தாடைத் துண்டை வைத்துத்தான் 1985-ல் ஸ்டீரோபோடான் என்ற விலங்கை அடையாளம் கண்டார்கள். வாத்து மாதிரி அலகுள்ள பிளாட்டிபஸ் என்ற விலங்குக்குச் சொந்தக்காரன். எவனாவது ஆசாரி அதைக் கம்மலாக்கியிருந்தால்?

நாலு கொக்கி வைத்து டாலராகச் செய்தேன். நெருப்பு ஊதிப் பற்றவைக்கிற வேலையெல்லாம் முடித்து, ஆறவிட்டு, கடைசியில்தான் கல்லை உட்கார வைத்தேன். ஓபலுக்குள் தண்ணீர் இருக்கிறது, சூடு தாங்காது. பெரியகடை வீதிப் பட்டறையில் நீ வெடிக்க வைத்த கல்லையும் முதலாளி விட்ட அறையையும் மறக்க முடியுமா?

பையன் அரை மனதோடுதான் வாங்கிப் போனான். கூலியில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டும் போனான்.

தையில் வருகிறாய் அல்லவா? உன் பழைய சாமணத்தைக் கொண்டுவா. என்னுடையது நுனி வளைந்துவிட்டது.

அன்புடன்,
வேலு