துனிசிய ஒலிவ் எண்ணெய் விலை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"துனிசியா கடலுக்கு அங்கால்தானே, பிறகேன் அந்த எண்ணெய் இந்த விலை?" என்று எங்கள் பாரிஸ் கடையில் பலர் கேட்கிறீர்கள். வரிசையில் ஆட்கள் காத்து நிற்கும்போது விளக்கமாகச் சொல்ல முடிவதில்லை.

துனிசியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வருடத்துக்கு 56,700 தொன் ஒலிவ் எண்ணெய்தான் வரியில்லாமல் வரலாம். அதற்கு மேல் வருவதற்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1.24 யூரோ வரி. எங்கள் மொத்த வியாபாரி அந்த அளவு முடிந்த பிறகு எடுத்த சரக்கென்றால், லீற்றருக்கு ஒரு யூரோவுக்கு மேல் அங்கேயே ஏறிவிடும்.

மலிவாக விற்கும் போத்தல் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசித்துப் பாருங்கள். "ஐரோப்பிய ஒன்றிய நாடுகளினதும் வெளிநாடுகளினதும் ஒலிவ் எண்ணெய்களின் கலவை" என்ற கருத்தில் ஒரு வரி இருக்கக்கூடும். துனிசிய எண்ணெயில் பெரும்பகுதி போத்தலில் வருவதில்லை. மொத்தமாக இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய், அங்கே கலந்து அடைபட்டு, அந்த நாட்டுக் கொம்பனிகளின் பெயரில் விலைபோகிறது. நாங்கள் விற்கும் தகரம் துனிசியாவிலேயே அடைத்தது.

இந்த வரி ஏற்பாடு எப்படி வந்தது? ஐரோப்பிய ஒன்றியத்தோடு கூட்டு உடன்படிக்கையில் (வணிகமும் அரசியலும் சேர்ந்த ஒப்பந்தம்) கையெழுத்திட்ட முதல் தென்மத்தியதரைக் கடல் நாடு துனிசியாதான், 1995 ஜூலையில். அதே வருடம் நவம்பரில் பார்சலோனாவில் ஒன்றியத்தின் அன்றைய 15 நாடுகளும் மத்தியதரைப் பக்கத்துப் பங்காளிகள் 12உம் கூடி, 2010க்குள் எல்லாருக்கும் ஒரே சுதந்திர வணிக வலயம் என்றார்கள். அது கைகூடவில்லை. ஐரோப்பியத் தொழிற்சாலைச் சாமான்களுக்குத் துனிசியா படிப்படியாக வரியை எடுத்துவிட்டது. அந்த நாட்டு விவசாயியின் எண்ணெய்க்கு இன்னும் அளவுக் கட்டுப்பாடு. தனக்குப் பலமான பக்கத்துக் கதவைத்தான் ஐரோப்பா அகலத் திறந்தது என்பது எங்கள் அபிப்பிராயம். 2015இல் துனிசியாவின் பார்டோ அருங்காட்சியகத்திலும் சூஸ் கடற்கரையிலும் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களால் உல்லாசப் பயணத்துறை படுத்துவிட, கைகொடுப்பதாக 2016, 2017 இரு வருடங்களுக்கும் வருடம் 35,000 தொன் கூட்டிக் கொடுத்தார்கள். அதற்கே இத்தாலிய விவசாயிகள் கொதித்தார்கள்.

2011 அரபு எழுச்சிக்குப் பிறகு, சனநாயகச் சீர்திருத்தம் கூடக்கூட உதவியும் கூடும் என்பதே அயல்நாடுகள் பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் கொள்கையாக இருந்தது. (மனித உரிமை நிபந்தனையோடு தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை இலங்கைக்கு 2010இல் நிறுத்தி 2017இல் திருப்பித் தந்ததும் இந்த மாதிரிக் கணக்குத்தான்.) ஆனால் துனிசிய சனாதிபதி 2022இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார்; அப்படியிருந்தும் 2023 ஜூலையில் ஒன்றியத்தார் அவரோடேயே ஒப்பந்தம் செய்து, எல்லைக் காவலுக்கும் குடியேறிகள் வரும் படகுகளைத் தடுக்கவும் 105 மில்லியன் யூரோ தருவதாகச் சொன்னார்கள். எண்ணெயைவிடப் படகுதான் இப்போது பெரிய கவலை.

தக்காளி பற்றியும் ஒரு சொல். மொரோக்கோ தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும், உரிமை பற்றிய சர்ச்சை தீராத மேற்கு சகாராவில் விளைந்த தக்காளியையும் மெலனையும் மொரோக்கோ விளைச்சல் என்று எழுதக்கூடாது என 2024 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெட்டியில் என்ன இடம் அடித்து வருகிறதோ அதையே எங்கள் விலைச்சீட்டிலும் எழுதுகிறோம்.

துனிசியத் தகரமும் கலவைப் போத்தலும் ஒரே றாக்கையில்தான் இருக்கும். புதுச் சரக்கு வந்து விலை மாறினால் முதல்நாளே கதவில் ஒட்டுவோம். ருசி பார்த்து எடுக்க விரும்பினால் கல்லாவில் கேளுங்கள், ஒரு தகரம் உடைத்து வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
கடைக்காரர்