பக்கத்தில் போய் உட்கார்ந்தவன்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. "பத்து வயசாச்சு, எதிலும் நிலைக்க மாட்டேங்கறான், இவனுக்கு என்னதான் வரும்னு தெரியலப்பா" என்றாய். பேரன் கீபோர்டை விட்டான், செஸ்ஸை விட்டான், இப்போது நீச்சலுக்கும் முகம் சுளிக்கிறான். சரி, அது இருக்கட்டும். கடைசியில் சொன்னாயே, விரல்ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளைக்கு எந்தத் துறை ஒத்துவரும் என்று சொல்லும் சோதனை, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேண்டாம்மா. விரல்ரேகையின் வடிவம் கருவிலேயே, நாலைந்து மாதத்துக்குள் அமைந்துவிடுகிறது. பிறந்த பிறகு அவன் பார்த்தது, கேட்டது, விழுந்து எழுந்தது எதுவும் அதில் ஏறுவதில்லை. கணக்கு வருமா பாட்டு வருமா என்பதை அதிலிருந்து படித்துவிடலாம் என்பதற்கு அறிவியல் ஆதாரமும் கிடையாது. வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை தருவார்கள். அப்புறம் நீ பிள்ளையைப் பார்க்க மாட்டாய், அறிக்கையைத்தான் பார்ப்பாய்.

போன லீவில் இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உன் அண்ணன் மகளுக்கு ஷூ லேஸ் கட்ட வரவில்லை. அழுகிற நிலைமை. இவன் எதிரே உட்கார்ந்து கட்டிக் காட்டினான். அவளுக்குப் புரியவில்லை. ஒரு தாளில் படம் போட்டு, எது மேலே எது கீழே என்று அம்புக்குறி போட்டான். அதுவும் சரிப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு எழுந்து அவள் பக்கத்தில் போய், அவள் பார்க்கிற திசையிலேயே உட்கார்ந்துகொண்டான். "எதிர்ல இருந்தா உனக்கு வலது இடதா தெரியுது, அதான்" என்றான். நாலாவது தடவை அவளே கட்டினாள். நான் பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம்! எதிலும் நிலைக்காதவன் என்று நீ சொல்கிற பிள்ளை.

எனக்கு அதில் மூன்று விஷயம் தெரிந்தது. எதிராளிக்கு எங்கே தட்டுகிறது என்று கவனிக்கிறான். ஒரு வழி சரிப்படாவிட்டால் எரிச்சல்படாமல் வேறு வழி தேடுகிறான். இதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்கிறான். இந்தக் குணம் உள்ளவர் ஆசிரியர் ஆகலாம். மருந்தை எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பயந்துபோன நோயாளிக்குப் புரியவைக்கும் நர்ஸ் ஆகலாம். முதல் முறை போனைத் தொடுகிறவருக்கும் விளங்குகிற மாதிரி திரையை அமைக்கும் வடிவமைப்பாளர் ஆகலாம். எது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். வேலையின் பெயர் பின்னால் வரட்டும். இப்போதைக்கு அவன் கை தானாக எங்கே போகிறது என்று மட்டும் பார்.

இதைப் படித்ததும் அவனை ஏதாவது போட்டியில் சேர்த்துவிடாதே. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாதபோது மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது கூலிக்குச் செய்வதாக மாறிவிட்டது.

பாராட்டிலும் கவனம் வேண்டும். 1998இல் முல்லர், டிவெக் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வில், "நீ கெட்டிக்காரன்" என்று கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்து தங்களுக்கு எளிதாக வரும் புதிர்களையே தேர்ந்தெடுத்தார்கள். நன்றாக உழைத்தாய் என்று கேட்டவர்களில் பெரும்பாலோர், தப்பு வந்தாலும் பரவாயில்லை என்று, புதிதாகக் கற்றுக்கொள்ள வைக்கும் புதிர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் "நீ பிறவி வாத்தியார்டா" என்று சொல்லிவிடாதே. "பக்கத்துல போய் உட்காரலாம்னு உனக்கு எப்படித் தோணிச்சு?" என்று கேள். அவனே தன்னைப் பற்றி யோசிக்கட்டும்.

உன் விஷயத்தில் நான் தவறவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. தெருவில் விளையாடும்போது, சரியாக நடக்க வராத பையன் ஒருவனும் ஆட்டத்தில் சேரும்படி நீ விதியை மாற்றுவாய். அவன் தொட்டால் இரண்டு புள்ளி, அவனுக்கு எல்லைக்கோடு கிட்டே. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து எல்லாரிடமும் சண்டை போட்டு நடத்துவாய். நான் அதை வாயாடித்தனம் என்று திட்டினேன். உன்னைக் கணக்குப்பதிவு படிக்க வைத்தேன். பிடிக்காத வேலையில் நாலு வருஷம் போன பிறகு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்க நீயாகப் போனாய். அந்த நோட்டை நான் அன்றைக்கே படித்திருக்கலாம்.

விட்ட வகுப்புகளைப் பற்றியும் ஒரு தடவை நிதானமாக அவனிடம் கேள். பிடிக்காமல் போனது செஸ்ஸா, போட்டியா? வகுப்பை விட்ட பிறகும் மாப்பிள்ளைக்குக் குதிரையை நகர்த்தச் சொல்லிக்கொடுத்தான் என்று நீதானே சிரித்தாய். நீச்சலில் பிரச்சினை தண்ணீரா, கத்துகிற பயிற்சியாளரா? ஒரு சனிக்கிழமை அவனை உன் வேலையிடத்துக்குக் கூட்டிப்போ. இப்படியும் ஒரு வேலை உண்டு என்று கண்ணால் பார்க்கட்டும்.

அவன் படம் போட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் திருப்பிப் பார். முதலில் போட்ட அம்புக்குறிகளை அடித்துவிட்டு, அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே மறுபடி போட்டிருக்கிறான்.

அன்புடன்,
அப்பா