தண்ணியோரம் டென்ட் போடறதுக்கு முன்னாடி மேல கொஞ்சம் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பள்ளி லீவுக்கு குடும்பத்தோட ஆத்தோரம் கேம்பிங் போகலாம்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. படமெல்லாம் பளிச்சுனு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முதல் படத்தப் பாத்ததும் எனக்கு திக்குனு ஆயிடுச்சு, டென்ட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு அடி கூட இருக்காது, டென்ட் நிக்கிறது வெள்ளை மணல் திட்டு மேல, சுத்தி கூழாங்கல்லு. அழகான இடம்தான், இல்லைங்கல. ஆனா அந்தத் திட்ட அங்க கொண்டாந்து போட்டதே ஆறுதானே, மழை பேஞ்சா அது திரும்ப அதே இடத்துக்குத்தான் வரும்.

நான் மலேசிய வடிகால் நீர்ப்பாசன இலாகாவுல ரொம்ப வருஷம் ஆத்து மட்டம் பாக்கற வேலை செஞ்சு பென்ஷன் ஆனவன், வீடு தாப்பா. அதனால சொந்தக்காரங்க யாரு கேம்பிங் போனாலும் மாமா எங்க போலாம்னு எனக்குத்தான் போன் வரும். அவங்க கேக்கற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், தண்டாஸ், அதான் கக்கூஸ், சுத்தமா இருக்குமா, கரண்டு இருக்கா, கோழி சுட இடம் இருக்கா, டென்ட்ல இருந்து எறங்குனா நேரா தண்ணியா. மேல மலையில என்ன இருக்கு, தண்ணி ஏறுனா எந்தப் பக்கம் ஓடறதுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கூட கேட்டதில்ல. நம்மாளுங்க மட்டும் இல்ல, எல்லா இனத்துக்காரங்களும் இப்படித்தான், கோவிட்டுக்கு அப்புறம் இந்த கேம்பிங் மோகம் ரொம்ப கூடிப்போச்சு, காலியா கிடந்த டுரியான் தோட்டம், செம்பனைத் தோட்டத்து ஓரம்னு எங்க பாத்தாலும் கேம்ப்சைட் போர்டு தொங்குது.

தீத்திவாங்சா மலை அடிவாரத்துல ஓடற ஆறெல்லாம் சின்ன ஆறு, செங்குத்தா எறங்கற ஆறு. நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், பிள்ளைங்க முழங்கால் தண்ணில விளையாடிட்டு இருக்கும், ஆனா மேல காட்டுல ஒரு மணி நேரம் கொட்டியிருக்கும், அங்க விழுந்து கிடந்த மரம் மட்டையெல்லாம் அணை மாதிரி தண்ணிய மறிச்சு வெச்சு பொறவு ஒரேயடியா ஒடைஞ்சா கீழ வர்றதுதான் கெபாலா ஆயர். நடந்து போய் பைய எடுத்துட்டு வரலாம்னு நெனைக்கிற நேரம் கூட குடுக்காது. 2023 ஜூலையில கெமாமான் பக்கம் ஜெராம் மாவார்ல பிக்னிக் போன ஒரே குடும்பத்துக்காரங்க 10 பேர அடிச்சிட்டுப் போனத மறந்திருக்க மாட்டீங்க, உங்க பேப்பர்லயே முதல் பக்கத்துல வந்துச்சு. அந்த வாரம் எல்லாரும் பேசுனோம், அடுத்த லீவுக்கு பழையபடி தண்ணியோரம்.

சரி, இடத்த எப்படிப் பாக்கறதுன்னு கேப்பீங்க. எங்க வேலையில முதல்ல கத்துக்குடுக்கறதே இதுதான், ஆத்தங்கரைக்குப் போனா தண்ணியப் பாக்காத, மரத்தப் பாரு. சிலிம் பக்கம் ஒரு தனியார் இடத்துக்கு எங்க மச்சான் குடும்பத்தோட போயிருந்தோம், பேரு வேணாம், இன்னமும் நடத்திட்டுத்தான் இருக்காங்க. இடத்துக்காரர் நம்ம தமிழர்தான், நல்ல மனுஷன், எங்களுக்குன்னு ஸ்பெஷலா தண்ணிக்குப் பக்கத்து மணல்லயே இடம் காட்டுனாரு. நான் பக்கத்துல இருந்த ஜம்பு மரத்தப் பாத்தேன், என் தலைக்கு மேல கவட்டைல ஒரு உரச்சாக்கு சிக்கியிருக்கு, அதுக்குள்ள காஞ்ச மூங்கில் இலையும் புல்லும் ஒரே பக்கமா சீவி விட்டாப்பல அப்பிக்கிட்டு இருக்கு, அடிமரத்துல தண்ணி வர்ற பக்கம் பாத்த பட்டை உரிஞ்சு போயிருக்கு. அண்ணே, இங்க தண்ணி எவ்வளவு ஏறும்னு கேட்டா, இங்கயெல்லாம் ஒண்ணும் ஆகாது அண்ணே, இத்தனை வருஷத்துல ஒண்ணுமே ஆனதில்லன்றாரு. அந்த உரச்சாக்கு பறந்தா வந்து மரத்துல உக்காந்துச்சு? மச்சானுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு, பிள்ளைங்க சிணுங்குச்சுங்க, இருந்தாலும் மேட்டு மேல பழைய கித்தா (ரப்பர்) மரத்து ஓரமாத்தான் டென்ட் போட்டோம். அன்னைக்கு ராத்திரி மழையும் வரல ஒண்ணும் வரல, இன்னமும் அதச் சொல்லி என்னக் கிண்டல் பண்றானுங்க, பண்ணட்டும்.

அந்தக் குப்பைக் கோடு எங்க இருக்கோ, தண்ணி போன தடவ அங்க வரைக்கும் வந்திருக்குன்னு அர்த்தம், டென்ட் அதுக்கு நல்லா மேல இருக்கணும். பொறவு கல்லப் பாருங்க, பாசியே இல்லாம வழவழன்னு சுத்தமா இருக்கற கல்லு அடிக்கடி உருளற கல்லு. ஆத்து வளைவுல உள்பக்கம் மணல் சேரும், அங்கதான் முதல்ல தண்ணி ஏறும், வெளிப்பக்கம் கரைய அடியில அரிச்சிருக்கும், மேல நின்னா காலோட சரியும், அதனால ரெண்டுமே வேணாம். நடு ஆத்துத் திட்டப் பத்தி சொல்லவே வேண்டியதில்ல. இன்னொரு முக்கியமான விஷயம், காடிய, அதாவது கார, எந்தக் கரையில நிறுத்தறோம்கறது. சில இடத்துல காடி இந்தப் பக்கம், டென்ட் அந்தப் பக்கம், நடுவுல ஒரு தொங்குபாலம் இல்லாட்டி கல்லு மேல கால் வெச்சு தாண்டிப் போறது. ராத்திரி தண்ணி ஏறுச்சுன்னா எல்லாரும் காடிக்குத்தான் ஓடுவாங்க, அதாவது ஆத்துக்குள்ளயே ஓடுவாங்க. ஆத்தத் தாண்டாம நடந்தே மேட்டுக்கு ஏற வழி இருக்கணும், அந்த வழிய வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தடவ பிள்ளைங்களோட நடந்து பாத்துக்கணும்.

தண்ணி திடீர்னு தேத்தாரே (பால் டீ) கலருக்கு மாறுனா, இலையும் சுள்ளியும் கூட்டமா மிதந்து வந்தா, மேல லோரி வர்ற மாதிரி ஒரு ஓசை கேட்டா, அடுப்பு, ஐஸ் பெட்டி, போன் எதையும் பாக்காம பிள்ளைங்களத் தூக்கிட்டு ஏறிடணும். ஒரு சத்தமும் இல்லாம தண்ணி மட்டும் மெல்ல ஏறுனாக் கூட அப்படித்தான்.

ஆனா தண்ணி மட்டுமே பாத்தா போதாது. பத்தாங் காலிய எடுத்துக்குங்க, 2022 டிசம்பர் 16, விடியக்காலை 2 மணிக்கு மேல, எல்லாரும் டென்ட்ல நல்ல தூக்கம், கெந்திங் போற ரோட்டுப் பக்கத்து சரிவு அப்படியே எறங்கி 31 பேர் போயிட்டாங்க, அதுல சின்னப் பிள்ளைங்க எத்தனை. அந்த இடத்துக்கு விவசாயப் பண்ணை நடத்த அனுமதி இருந்துச்சு, கேம்ப்சைட் நடத்த லைசன்ஸ் இல்லன்னு அப்புறம்தான் வெளிய வந்துச்சு. உடனே நாடு முழுக்க மலையோரம் ஆத்தோரம் இருக்கற ஆபத்தான கேம்ப்சைட்ட ஒரு வாரம் மூடச் சொன்னாங்க, பின்னால வழிகாட்டி நெறியெல்லாம் போட்டாங்க. அங்க தங்கியிருந்த யாருக்கும் ராத்திரில தலைக்கு மேல மலை தெரிஞ்சிருக்காது. அதனாலதான் சொல்றேன், டென்ட் போடற இடத்துல நின்னு ஒரு சுத்து சுத்திப் பாருங்க, மேல வெட்டுன மண் சரிவு இருக்கா, புதுசா மரம் வெட்டுன காடு இருக்கா, மரமெல்லாம் கீழ சாஞ்சு நிக்குதா, மழையில்லாத நாள்லயும் சரிவுல இருந்து தண்ணி கசியுதா. வாரம் முழுக்க மழை பேஞ்சிட்டு இருக்குன்னா மலைக்கு அடியில எந்த இடமும் வேணாம், கட்டுன டெபாசிட் போனா போகுது, நூறு வெள்ளிக்குள்ளதான் இருக்கும்.

லைசன்ஸ் விஷயத்துல இடத்துக்காரர்கிட்ட கேக்க நம்மாளுங்களுக்கு ஒரு கூச்சம். கடைக்குப் போனா செவுத்துல லைசன்ஸ் மாட்டியிருக்கு, முடிவெட்டற கடையில கூட மாட்டியிருக்கு, கேம்ப்சைட்ல மட்டும் கேட்டா ஏதோ சண்டைக்கு வந்த மாதிரி பாக்கறாங்க. அவரு கிட்ட கேக்க சங்கடமா இருந்தா அந்த வட்டாரத்து ஊராட்சி மன்றத்துக்கு ஒரு போன் போட்டு இந்தப் பேர்ல கேம்ப்சைட்டுக்கு அனுமதி இருக்கான்னு கேளுங்க, போன சுத்தி சுத்தி வேற வேற ஆளுக்கு மாத்தி விடுவாங்க, பொறுமையா இருந்தா பதில் கிடைக்கும். எனக்கு இப்பவும் பிடிச்சது வனத்துறை பாத்துக்கற இடங்கதான், உலு லங்காட்ல சுங்கை சொங்காக் மாதிரி. தண்டாஸ் சுமாரா இருக்கலாம், ஆனா ஆபத்துன்னா கேட்ட சாத்தறதுக்கு அங்க ஒரு ஆள் இருக்கு, காசு போகுமேன்னு யோசிக்க அந்த ஆளுக்கு அவசியம் இல்ல.

அணைக்குக் கீழ இருக்கற ஆறுன்னா கணக்கே வேற. 2013 அக்டோபர்ல கேமரன் மலை பெர்த்தாம் பள்ளத்தாக்குல நடந்தது ஞாபகம் இருக்கும், மேல ரிங்லட் சுல்தான் அபு பாக்கார் அணையில மழைக்கு தண்ணி தொறந்து விட்டதுல சேறும் தண்ணியுமா ராத்திரியில வந்து வீடு, காடி, ஆளுன்னு எல்லாத்தையும் அள்ளிச்சு. அங்க ஆத்தோரத்துல குடியிருந்தவங்களுக்கே அந்தக் கதின்னா டென்ட்ல படுத்திருக்கறவன் எந்த மூலைக்கு. கேம்ப்சைட்டுக்கு மேல அணை இருக்கா, சைரன் கம்பம் எங்க, சைரன் ஊதுனா என்ன செய்யணும்னு தெரியாம அங்க படுக்காதீங்க.

ஏரி பாதுகாப்புன்னு ஒரு நெனப்பு இருக்கு. பாதி உண்மை. கெபாலா ஆயர் வராதுதான், ஆனா கிழக்குக் கரை திரங்கானுவுல இருக்கற கெனிர் ஏரியெல்லாம் மலைக்காட்ட மூழ்கடிச்சு 1985-ல உண்டாக்குன ஏரி, கரைன்னு நாம நெனைக்கிறது மலைச் சரிவு, நாலு எட்டு வெச்சா தரையே இருக்காது, அடியில செத்த மரம் இன்னமும் நட்டுக்கிட்டு நிக்குது. நெறைய இடத்துக்கு போட்டுல மட்டும்தான் போக முடியும், லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொண்ணு எண்ணி இருக்கான்னு போட்டு ஏறற ஜெட்டித் துறையிலயே பாத்துடணும். நவம்பர்ல இருந்து கிழக்குக் கரையில பருவமழை, அப்ப அந்தப் பக்கம் எவ்வளவு மலிவா பேக்கேஜ் போட்டாலும் வேணாம். இதவிட மோசம் நம்ம பேராக் சிலாங்கூர் பக்கத்து பழைய ஈயக்குட்டைங்க. பாக்க பச்சைப் பசேல்னு கண்ணாடியாட்டம் இருக்கும், கரை நேரா கிணறு மாதிரி எறங்கும், அடியில சேறு கால விடாது. மீன் பிடிக்கலாம், போட்டோ எடுக்கலாம், பிள்ளைங்கள எறக்கவே கூடாது.

எலிச்சிறுநீர் காய்ச்சலப் பத்தியும் ஒரு வரி. 2010-ல பஹாங் மாரான் பக்கம் லுபுக் யூ-ல மூழ்குன ஒரு பையன தேட தண்ணிக்குள்ள எறங்குனவங்கள்லயே சிலர், இந்தக் காய்ச்சலும் மண்ணு தண்ணில இருக்கற கிருமியால வர்ற மெலியோய்டோசிஸ் நோயும் பரவி இறந்தாங்க. கேம்ப்சைட்ல சோத்துக் குப்பைய நீங்க மூடாம வெச்சா எலி வரும், எலி இருக்கற எடத்துல கால்ல வெட்டுக்காயத்தோட ஆத்துல எறங்கறது வேணாம், வீடு வந்து ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல் அடிச்சா ஆத்துல குளிச்சத டாக்டர்கிட்ட நீங்களா சொல்லிடுங்க, அவரு கேக்க மாட்டாரு.

டுரியான் தோட்டத்து கேம்ப்சைட்டப் பத்தி நான் எழுதுனா சிரிப்பீங்க, ஆனா சீசன்ல மரத்துக்கடியில டென்ட் போட்டு படுக்கறவங்கள நானே பாத்திருக்கேன். பழம் விழுந்தா அள்ளிக்கலாம்னு ஆசை. மண்டையில விழுந்தா யாரு அள்ளறது?

இப்ப ஆசிரியர்கிட்ட கேக்க வந்த விஷயம். எங்க இலாகாவோட பப்ளிக் இன்ஃபோ பாஞ்சிர்ங்கற வெள்ளத் தகவல் இணையப் பக்கத்துல ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எவ்வளவு மழை, ஆத்து மட்டம் சாதாரணமா, உஷாரா, எச்சரிக்கையா, அபாயமான்னு கலர் போட்டு அப்பப்ப காட்டுது, காசு கிடையாது, போன்லயே பாக்கலாம். நீங்க போற இடத்து ஸ்டேஷன் மட்டும் இல்ல, அதுக்கு மேல மலைப்பக்கத்து மழை ஸ்டேஷனப் பாக்கணும், ஒரு மணி நேரத்துல 60 மில்லிமீட்டருக்கு மேல காட்டுனா அது மிகக் கனத்த மழை, அன்னைக்கு ஆத்துக்கே போகாதீங்க. சின்ன ஆத்துல ஸ்டேஷன் இருக்காது, அங்க மரத்துல தொங்கற குப்பைதான் ஸ்டேஷன். கேம்ப்சைட்ல பாதி இடத்துல போன் லைனும் கிடைக்காது, அதனால வீட்ட விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியும் கடைசியா லைன் கிடைக்கிற டவுன்லயும் நிறுத்திப் பாத்துடணும், எங்க போறோம் எப்ப திரும்புவோம்னு வீட்ல ஒருத்தருக்கு சொல்லிட்டுப் போகணும்.

இத எப்படிப் பாக்கறதுன்னு படம் போட்டு அரைப் பக்கம் தமிழ்ல போடுங்க. மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கறத எங்க அக்கா மாதிரி ஆளுங்க படிக்க மாட்டாங்க, ஆனா பேரப்பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறது அவங்கதான். அடுத்த தடவ கேம்ப்சைட்டப் பத்தி எழுத ஆள் அனுப்புனா லைசன்ஸ் நம்பரக் கேட்டு வாங்கி செய்தியோட சேத்துப் போடச் சொல்லுங்க, நம்பர் குடுக்காத இடத்த பேப்பர்ல போடாதீங்க. தண்ணில இருந்து ரெண்டு அடியில டென்ட் நிக்கிற படத்தையும் தயவு செஞ்சு போடாதீங்க, பின்னால மேட்டுல புல்லு மேல நிக்கிற டென்ட்டும் போட்டோவுல நல்லாத்தான் விழும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆத்து மட்டக்காரன்,
தாப்பா, பேராக்.