குளக்கரை மரங்கள்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கோயில் குளக்கரையின் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களிலும் மடப்பள்ளிக்குப் பின்னால் நிற்கிற புளியிலும் கிளை கழிக்கும் வேலை முடிந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் "மொட்டையடிச்சுட்டீங்களே" என்று கேட்டுவிட்டார்கள், அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2018 கஜா புயலில் வடகரைத் தூங்குமூஞ்சியின் பெரிய கொப்பு கவையோடு கிழிந்து விழுந்தது ஞாபகம் இருக்கும். அந்தக் கிழிசல் வழியாகத்தான் உளுப்பு உள்ளே இறங்கியது. அப்புறம் பொந்தில் சிமெண்டை அடைத்தோம். அது கமிட்டி செய்த தப்பு. மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது, இடையில் விழும் இடுக்கில் தண்ணீர் தங்கிவிடும். இப்போது உடைத்து எடுத்தபோது உள்ளே கட்டை ஈரப் புட்டு மாதிரி உதிர்ந்தது.

மரம் வெட்ட வந்த பெரியவர் மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். கிழக்கே கணீரென்று கேட்டது, மேற்கே காலிப் பானைச் சத்தம். வெட்டிச் சாய்த்துவிடலாமா என்று இரண்டு கூட்டம் பேசினோம். நடுவில் பொந்தாக இருந்தாலும் சுற்றிலும் நல்ல கட்டை போதிய கனத்தில் இருந்தால் மரம் நிற்கும். மேலே உள்ள பாரம்தான் ஆபத்து. சரி, பாரத்தைக் குறைப்போம் என்று முடிவானது.

இலைதான் மரத்துக்குச் சோறு என்பதால் தூங்குமூஞ்சிகளில் இரண்டு வருடமாகப் பிரித்துக் கழித்தோம். தண்டை ஒட்டி மழிக்காமல், கொப்பு புடைத்துத் தொடங்குகிற கழுத்துக்கு வெளியே வெட்டு. அந்தக் கழுத்திலிருந்துதான் புதுப்பட்டை சுருண்டு வந்து காயத்தை மூடும். தார் பூசவில்லை. புளியில் மட்டும் அவசரப்பட்டு ஒரே தடவையில் அதிகம் எடுத்துவிட்டோம், வெயில் நேரே விழுந்து தெற்குக் கொப்பின் பட்டை வெடித்திருக்கிறது.

இப்போது தூங்குமூஞ்சிகளில் வெட்டிய இடமெல்லாம் விளக்குமாறு மாதிரிக் கொத்துக் கொத்தாகத் தளிர். பட்டைக்கடியில் தூங்கிக் கிடந்த மொட்டுகள் முளைத்தவை இவை, பிடிப்பு மேலோட்டமாகத்தான் இருக்கும், பெருத்தால் சொந்தக் கனத்திலேயே பிய்ந்து விழலாம். ஆகவே வருடா வருடம் கொஞ்சமாகக் கலைத்து, கொத்துக்கு ஓரிரண்டு கொம்பை மட்டும் வளரவிடப் போகிறோம். அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

புளியம்பொந்தில் ஆந்தை இருக்கிறது, அதைத் தொடவில்லை. கட்டைகள் மடப்பள்ளி விறகுக்குப் போயின. வரவு செலவு மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மரத்தடியில் குப்பை கொளுத்துகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.